டிரபீஸைக் கழற்றிவிட்டு மர டெயில்பீஸ் போட்டால் ஆர்ச்டாப் கிட்டாரின் நாதம் மாறுமா?

#1 · ஆறுகம்பி (மாரண்டஅள்ளி)

எல்லாருக்கும் வணக்கம். என்னுடையது 16 அங்குல ஆர்ச்டாப், அதாவது வயலின் மாதிரி மேல்பலகை வளைந்த கிட்டார். மேல்பலகை மேப்பிள் பிளைவுட், இரண்டு எஃப் துளை, கழுத்துப் பக்கம் ஒரே ஒரு ஹம்பக்கர் (கம்பி ஓசையை ஆம்புக்கு அனுப்புகிற பிக்கப்). பெங்களூரில் ஒருவரிடம் பழையதாக வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. ஸ்கேல், அதாவது வாசிக்கிற கம்பி நீளம், 24.75 அங்குலம். போட்டிருப்பது 12-52 ரவுண்ட்வவுண்ட் கம்பி (தடிமன் ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில்). ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடகர் குழுவோடு வாசிக்கிறேன். மற்ற நாளில் வேலை முடிந்து வந்து, ஆம்ப் போடாமல் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பதுதான்.

குறை இரண்டு. ஒன்று, நாதம் மெலிந்து கிடக்கிறது. வயிற்றிலிருந்து வராமல் தொண்டையிலிருந்து வருகிற மாதிரி. இரண்டாவதுதான் என்னைப் படுத்துகிறது. டி மேஜர் கார்டு அடித்து உள்ளங்கையால் கம்பியை அமுக்கி நிறுத்தினாலும், பிரிட்ஜுக்கு (கம்பிகள் ஏறி நிற்கிற கட்டை) பின்னால் "ஙீ..." என்று ஒரு தகர ஓசை ஒன்றிரண்டு நொடி தொங்குகிறது. பாட்டுக்கு நடுவே மௌனம் வரவேண்டிய இடத்தில் அது மட்டும் கேட்கிறது.

டெயில்பீஸ், அதாவது கம்பிகளின் வால்நுனியைப் பிடித்து வைக்கிற சட்டம், டிரபீஸ் என்கிற சாதாரண உலோக வகை. இரும்பு, மேலே நிக்கல் முலாம், மூலையில் துரு ஏறிவிட்டது. கருங்காலி டெயில்பீஸ் போட்டால் நாதம் உருண்டு வரும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். செலவு பண்ண மனசு இருக்கிறது, ஆனால் வீணாகக் கூடாது. போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · பென்னாகரம்_பேஸ்

முதலில் கம்பியை மாற்றுங்கண்ணா. பிளாட்வவுண்ட் (மேல்சுற்று தட்டையா இருக்கிற கம்பி) 12 போடுங்க. டெயில்பீஸ் செலவில் நாலு செட் வரும். நாதம் உருண்டு வரணும்னா அதுதான் முதல் வழி.

#3 · லேத்_பட்டறை (ஓசூர்)

மரம் எதுக்குத் தம்பி? கனமான பித்தளையில் போடுங்க. கனம் இருந்தால் கம்பியோட சக்தி வால் பக்கம் ஓடிப் போகாது, கார்வை நீளும். நியூயார்க்கில் டி'ஏஞ்சலிக்கோ செய்த கிட்டார் படங்களைப் பாருங்க, படிக்கட்டு மாதிரி வெட்டின பித்தளை டெயில்பீஸ் எவ்வளவு கனம்னு பார்த்தாலே தெரியும். சிப்காட் பக்கம்தான் என் பட்டறை. தகடு, கம்பி எது வேணும்னாலும் கேளுங்க.

#4 · ஓசூர்_ஜாஸ்

லேத் அண்ணன் சொன்ன டி'ஏஞ்சலிக்கோ பேச்சையே எடுத்துக்கொள்கிறேன். அவர் 1964ல் இறந்தார். அவரிடம் 1952லிருந்து வேலை கற்ற ஜிம்மி டி'அகிஸ்டோ பிற்பாடு பித்தளையை விட்டுக் கருங்காலி டெயில்பீஸுக்கு மாறினார். அதே பட்டறை, அதே கைவழி, குரு கனத்தை எடுத்தார், சீடர் லேசை எடுத்தார். இரண்டு பேர் கிட்டாரையும் உலகம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. அதனால் பித்தளையா மரமா என்று முதலிலேயே முடிவு கட்ட வேண்டாம். டெயில்பீஸ் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

ஆர்ச்டாப்பில் பிரிட்ஜ் ஒட்டியிருக்காது, சும்மா உட்கார்ந்திருக்கும். கம்பி போடுகிற கீழ் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தைத் தீர்மானிப்பது, கம்பி பிரிட்ஜ் மேல் எவ்வளவு மடிந்து டெயில்பீஸுக்கு இறங்குகிறது என்கிற கோணம். உங்கள் 12-52 செட்டில் ஆறு கம்பியும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 65 கிலோ. மடிப்பு 14 டிகிரி என்றால் பலகை மேல் இறங்குவது சுமார் 16 கிலோ. 10 டிகிரி என்றால் 11 கிலோதான். டெயில்பீஸ் மாற்றும்போது உயரம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலே இந்தக் கணக்கு புரண்டுவிடும். மரம் போட்டேன், நாதம் இனித்தது என்கிறவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது இதுதான் என்பது என் எண்ணம். மரத் துண்டு தடிமனாக இருக்கும், கம்பி உயரத்தில் உட்காரும், மடிப்பு குறையும், பலகை மூச்சு விடும்.

அடுத்தது, பிரிட்ஜுக்கும் டெயில்பீஸுக்கும் நடுவில் கிடக்கிற கம்பி. நாம் அதை வாசிப்பதில்லை, ஆனால் அது சும்மா இருப்பதில்லை. உங்கள் "ஙீ" அங்கேதான் பிறக்கிறது. டெயில்பீஸின் கனம் எனக்கு மூன்றாவது இடத்தில்தான். மரமா உலோகமா என்பது அதற்கும் கீழே.

காசு செலவழிக்காமல் மூன்று சோதனை செய்யுங்கள். தையற்கடையில் கிடைக்கிற கம்பளித் துணிப் பட்டை ஒன்றைப் பின்கம்பிகளுக்கு நடுவே மேலும் கீழுமாகப் பாய் முடைவது போல் கோத்து, டி மேஜர் அடித்துப் பாருங்கள். அதை எடுத்துவிட்டு, மளிகைக்கடை 50 கிராம் எடைக்கல்லை டிரபீஸ் மேல் டேப் போட்டு இறுக்கி ஒட்டி வாசியுங்கள். கனம் கூடினால் என்ன ஆகும் என்று உங்கள் காதுக்கே தெரியும். கடைசியாக, கம்பியைத் தளர்த்திப் பிரிட்ஜ் காலுக்குக் கீழே கார்பன் தாளை மை பக்கம் மேலே பார்க்க வைத்து, மறுபடி இறுக்கிக் கொஞ்சம் அசைத்து எடுத்துப் பாருங்கள். கால் பலகையோடு எங்கே ஒட்டுகிறது, எங்கே ஒட்டவில்லை என்று கால் அடியில் கறுப்பாகத் தெரியும். ஒரேயடியாக ஆறு கம்பியையும் கழற்றாதீர்கள், பிரிட்ஜ் நழுவிவிடும். நிற்கிற இடத்தை முதலில் பேப்பர் டேப்பால் அடையாளம் பண்ணிக்கொள்ளுங்கள்.

#5 · ஊத்தங்கரை_ராகம்

ஒரு விஷயம் சேர்க்கிறேன். நீளமான டெயில்பீஸ் போட்டால் கம்பி இறுக்கம் கூடும், குட்டையாகப் போட்டால் குறையும். நான் என் நண்பன் கிட்டாரில் தொட்டே பார்த்தேன், விரலுக்கு மெத்தென்று இருந்தது.

#6 · ஓசூர்_ஜாஸ்

விரலுக்கு வித்தியாசம் தெரிந்தது உண்மை, காரணம்தான் வேறு. கம்பியின் தடிமன், கழுத்து முனையில் இருக்கிற நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை உள்ள நீளம், சுருதி, இந்த மூன்றும் மாறாவிட்டால் இறுக்கம் ஒரு கிராம்கூட மாறாது. மாறினால் சுருதி மாறிவிடும். மாறுவது நெகிழ்வு. பின்னால் கம்பி நீளமாகக் கிடந்தால், நீங்கள் விரலால் இழுக்கும்போது அந்த நீளமும் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், மெத்தென்று இருக்கும். ஆனால் ஒரு சுரத்தை வளைத்து மேலே ஏற்ற விரலை இன்னும் தூரம் தள்ள வேண்டும்.

#7 · ஆறுகம்பி

ஓசூர் அண்ணா, மூன்றையும் செய்துவிட்டேன். இந்த வாரம் மில்லில் இரவு ஷிப்ட், அதனால் பகலில் நேரம் கிடைத்தது.

துணிப் பட்டை கோத்ததும் "ஙீ" நின்றுவிட்டது. சுத்தமாக. இரண்டு வருஷமாக டிரபீஸின் துருவைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அது போன பிறகு நாதத்தில் ஒரு காற்றும் போய்விட்டது. வீட்டுக்குள் வாசிக்கிறபோது கிட்டார் கொஞ்சம் வாய் மூடிக்கொண்ட மாதிரி இருக்கிறது. என் தங்கை அடுத்த அறையிலிருந்து கேட்டு இதையே சொன்னாள், நான் என்ன செய்தேன் என்று அவளுக்குத் தெரியாது.

எடைக்கல்லில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கார்வை ஒரு துளி நீண்டதோ என்னவோ, சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்.

கார்பன் தாள்தான் கண்ணைத் திறந்தது. கால் முழுக்கக் கறுப்பாகும் என்று நினைத்தேன். தடித்த கம்பிப் பக்கக் காலில் இரண்டு ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவு கறை, நடுவெல்லாம் வெள்ளை. மெலிந்த கம்பிப் பக்கம் பரவாயில்லை, முக்கால்வாசி ஒட்டியிருக்கிறது. என்றால் இத்தனை நாளும் பிரிட்ஜ் ஒரு கால் தூக்கி நின்றிருக்கிறது.

பிரிட்ஜிலிருந்து டிரபீஸ் குறுக்குக் கம்பி வரை 118 மில்லிமீட்டர். மடிப்பைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்துப் பள்ளிக்கூடப் பாகைமானியை வைத்து அளந்தேன், 14 டிகிரிக்குப் பக்கத்தில்.

#8 · குதிரையும்_நாகபாசமும் (காவேரிப்பட்டணம்)

தம்பி, வணக்கம். எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வயலினும் வீணையும் சரி செய்து கொடுத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் பிரிட்ஜ் என்பதை நாங்கள் குதிரை என்போம். வீணையில் தந்திகள் போய் முடிகிற இடம் நாகபாசம். உங்கள் டெயில்பீஸ் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது. அதனால் நீங்கள் கொடுத்த அளவைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

24.75 அங்குலம் என்றால் 629 மில்லிமீட்டர். அதை 118ஆல் வகுத்தால் 5.33 வருகிறது. அதாவது பதினாறை மூன்றால் வகுத்தது. ஒரு கம்பியை ஸட்ஜமம் என்று வைத்துக்கொண்டால், குதிரைக்குப் பின்னால் கிடக்கும் துண்டு இரண்டு ஸ்தாயி தள்ளி, மேலே உள்ள சுத்த மத்திமத்தில் நிற்கிறது. ஆறு கம்பிக்கும் இதே கதைதான். உங்கள் ஐந்தாம் கம்பி ஏ. அதன் பின்துண்டு 586 அதிர்வில் இருக்கும், அது டி. ஆறாம் கம்பி தடித்த ஈ, அதன் பின்துண்டு 440க்குப் பக்கம், அது ஏ. முதல் கம்பியின் பின்துண்டும் ஏதான், இன்னும் இரண்டு ஸ்தாயி மேலே. டி மேஜரில் டியும் ஏவும் இருக்கின்றனவா இல்லையா? நீங்கள் அந்தக் கார்டை அடிக்கும்போது மூன்று பின்துண்டு ஒன்றாக விழித்துக்கொள்கின்றன. கம்பியின் நுனியில் முறுக்கு இருப்பதால் கணக்கு ஒரு மயிரிழை முன்பின் போகும், ஆனால் உங்கள் காது டி மேஜரைத்தான் குற்றம் சொன்னது.

வயலினில் இதற்கு ஒரு பழைய முறை உண்டு. பின்துண்டை வாசிக்கிற நீளத்தில் ஆறில் ஒரு பங்காக வைப்பது. 328 மில்லிமீட்டருக்கு 54, 55. அப்படி வைத்தால் பின்துண்டு இரண்டு ஸ்தாயிக்கு மேல் பஞ்சமத்தில் நிற்கும். அந்தப் பஞ்சமம் கம்பிக்குள்ளேயே ஏற்கெனவே இருக்கிற சுரம், அடிச்சுரத்தையும் சேர்த்து எண்ணினால் அதன் வரிசையில் ஆறாவது. அதனால் அது அதிர்ந்தாலும் வேற்றுக்குரலாகக் கேட்காது, கம்பியின் குரலிலேயே கரைந்து நிற்கும். மத்திமம் அப்படி இல்லை. ஒரு கம்பி தன் இயல்பில் எழுப்புகிற மேல்சுர வரிசையில் மத்திமம் கிடையாது. அது எப்போதும் வெளியாள்தான்.

உங்கள் கிட்டாருக்கு ஆறில் ஒன்று என்பது 105 மில்லிமீட்டர். 13 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். டெயில்பீஸ் மாற்றுவதானால் மரத்தைப் பார்த்து மாற்றாதீர்கள், அந்த நீளத்தைப் பார்த்து மாற்றுங்கள்.

#9 · பென்னாகரம்_பேஸ்

ஐயா, இதைப் படிச்சதும் என் கிட்டாரை அளந்துட்டேன். கொல்கத்தாவில் செஞ்ச எஃப் துளை கிட்டார், அப்பா காலத்தது. 96 வருது. 629 இல்லை, என்னுது 650. 6.77. இது எந்த சுரத்துக்கும் அடங்காதா?

#10 · குதிரையும்_நாகபாசமும்

பஞ்சமத்துக்கு மேலே, தைவதத்துக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறது தம்பி. உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள்.

#11 · ஓசூர்_ஜாஸ்

ஐயா, ஐந்து வருஷமாக இந்த விஷயத்தைப் படிக்கிறேன், மத்திமம் பஞ்சமம் என்று இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நன்றி.

ஒரு தகவல் சேர்க்கிறேன். 1922ல் கிப்சன் கம்பெனியின் எல்-5 கிட்டார் வந்தபோது, அதை வடிவமைப்பதில் முன்னின்ற லாய்டு லோர் வயலினைப் பார்த்துத்தான் எஃப் துளையைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தார். அதனால் வயலின் கணக்கு இங்கே அந்நியம் இல்லை. எபிஃபோன் கம்பெனி 1930களில் ஃப்ரீக்வென்சேட்டர் என்று இரண்டு துண்டு டெயில்பீஸ் செய்தது. தடித்த மூன்று கம்பிக்குக் குட்டைக் கவை, மெலிந்த மூன்றுக்கு நெட்டைக் கவை. ஆக, தடித்த கம்பிக்குப் பின்னால் நீளம் அதிகம், மெலிந்ததற்குக் குறைவு. அதிலும் எண்ணம் இதே பின்துண்டைப் பற்றியதுதான். ஆறாம் கம்பி சில செட்டில் எட்டவே எட்டாது என்று பலர் கவையை இடம் மாற்றிப் போட்டுக்கொள்வார்கள்.

ஆறுகம்பி, முதலில் பிரிட்ஜ் காலைச் சரி செய்யுங்கள். 120 உப்புத்தாளைச் சொரசொரப்புப் பக்கம் மேலே வருகிற மாதிரி, பிரிட்ஜ் நிற்கிற இடத்திலேயே பலகை மேல் டேப் போட்டு ஒட்டுங்கள். பிரிட்ஜைச் செங்குத்தாகப் பிடித்துக் கம்பி ஓடுகிற திசையில் மட்டும், சின்னச் சின்னதாக இழுங்கள். பலகையின் வளைவு அப்படியே காலில் இறங்கும். கடைசியில் 220. நடுவில் நடுவில் கார்பன். அவசரப்பட்டால் பிரிட்ஜ் சாய்ந்துவிடும்.

#12 · ஆறுகம்பி

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். நடுவில் ஒரு தப்பு நடந்தது, அதை மறைக்காமல் சொல்கிறேன், வேறு யாரும் ஏமாறக் கூடாது.

ஐயா 105 என்று எழுதுவதற்கு முன்னாலேயே இணையத்தில் ஒரு மர டெயில்பீஸுக்கு ஆர்டர் போட்டிருந்தேன். எல்லா ஆர்ச்டாப்புக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தார்கள். வந்ததைப் பார்த்தால் கீல் துளைகள் என் கிட்டாரின் அடிக்கட்டையில் இருக்கிற மூன்று துளையோடு சேரவில்லை. நீளமும் பெரியது, போட்டால் பின்துண்டு 80க்கு வந்துவிடும். கறுப்பாக இருந்ததே தவிர, அடிப்பக்கம் சுரண்டிப் பார்த்தால் வெளுப்பு மரத்துக்குச் சாயம். திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். 3,400 ரூபாய் போனது போனதுதான்.

பிரிட்ஜ் காலை ஓசூர் அண்ணா சொன்னபடி செய்தேன். இரண்டு சாயங்காலம் பிடித்தது. கடைசி கார்பனில் இரண்டு காலும் ஓரத்திலிருந்து ஓரம் வரை கறுத்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. கம்பி ஏற்றி அடித்தேன். தடித்த ஈ கம்பி முதல் தடவையாக மடியில் அதிர்ந்தது. நாதம் மெலிவு என்று நான் முதலில் எழுதின குறையில் பாதிக்கு மேல் அந்த நிமிஷமே போய்விட்டது. டெயில்பீஸ் அப்போதும் அதே துருப்பிடித்த டிரபீஸ்தான். இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆனாலும் 105 மனசை விட்டுப் போகவில்லை. ஐயா, நானே செய்யலாமா?

#13 · குதிரையும்_நாகபாசமும்

செய்யலாம். ஞாயிறு மதியத்துக்கு மேல் கிட்டாரை எடுத்துக்கொண்டு வாருங்கள். உடைந்த பழைய ஈட்டி மரக் (ரோஸ்வுட்) கட்டிலின் கால் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஐம்பது வருடம் உலர்ந்த மரம். வீணைக்குக் குதிரை செய்ய வைத்திருந்தேன், உங்களுக்கு ஒரு துண்டு அறுத்துத் தருகிறேன். புதிதாக ஈட்டி வாங்கப் போகாதீர்கள், அந்த மரத்துக்கு அரசு கட்டுப்பாடு உண்டு. பழைய சாமானில் கிடைப்பதுதான் நல்லதும்கூட.

#14 · லேத்_பட்டறை (ஓசூர்)

கீல் என் பொறுப்பு. தம்பி, மூன்று துளையோட அளவையும் அடிக்கட்டையோட வளைவையும் அட்டையில் வெட்டி அனுப்புங்க. 65 கிலோ இழுக்கிற சாமான், மரத் திருகாணியை நம்பாதீங்க. மரத்தையும் கீலையும் 4 மில்லிமீட்டர் போல்ட் போட்டு நட்டு வச்சு முறுக்கணும். கம்பி நுனியில் இருக்கிற குண்டு உட்காருகிற இடத்தில் வெறும் மரம் இருந்தால் பிளந்துடும், 1.5 மில்லிமீட்டர் பித்தளைப் பட்டை ஒன்று உள்ளே பதிச்சுக்குங்க.

கனம்தான் நல்லதுன்னு நான் முதலில் சொன்னேன். எடைக்கல் வச்சுக் கேட்டதில் பெரிசா ஒன்னும் இல்லைன்னு தம்பி சொன்னதை ஏத்துக்கிறேன். அது பிளைவுட் பலகை. கெட்டி ஸ்ப்ரூஸ் மரத்தைச் செதுக்கின பலகையில் கேட்டுப் பார்க்கணும்னு இன்னும் ஆசை இருக்கு.

#15 · ஓசூர்_ஜாஸ்

முக்கியமான ஒன்று, யாரும் இன்னும் சொல்லவில்லை. எர்த். பிக்கப் உள்ள ஆர்ச்டாப்பில் பொட்டன்ஷியோமீட்டரிலிருந்து (வால்யூம் திருகி) ஒரு மெல்லிய ஒயர் வந்து டெயில்பீஸ் கீலுக்கு அடியில் அமுங்கியிருக்கும். கம்பிகள் எர்த் ஆவது உலோக டெயில்பீஸ் வழியாகத்தான். மரம் போட்டால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும், ஆம்பில் "ம்ம்ம்" என்று இரைச்சல் வரும். கழற்றும்போது அந்த ஒயர் உள்ளே போய்விடாமல் டேப் போட்டுப் பிடியுங்கள். லேத் அண்ணன் சொன்ன பித்தளைப் பட்டையிலிருந்து கீல் வரை மரத்துக்கு அடியில் ஒரு செப்புக் கம்பி இழுத்துப் பற்றவைத்துவிட்டால் போதும், கம்பிக் குண்டு பட்டையைத் தொடும், பட்டை கீலைத் தொடும்.

#16 · ஊத்தங்கரை_ராகம்

எர்த் பேச்சு வந்ததால் சொல்கிறேன். திருவிழா மேடையில் என் கை கம்பியில் இருக்க, உதடு மைக்கில் பட்டுச் சுருக்கென்று வாங்கியிருக்கிறேன். கிட்டார் மேல் தப்பில்லை, மண்டப ஒயரிங்கில் எர்த்தே இல்லை. கம்பி ஆம்பின் எர்த்தோடு ஒழுங்காக இணைந்திருக்கிற கிட்டாரில்தான் இது நடக்கும். வாசிக்கப் போகிற இடத்தில் பிளக்கைச் சோதித்துவிட்டு ஆம்பைச் சொருகுங்கள். இரைச்சலுக்குப் பயந்து ஆம்பின் எர்த் பின்னை மட்டும் யாரும் வெட்டாதீர்கள்.

#17 · ஆறுகம்பி

முடிந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காவேரிப்பட்டணத்துக்கு மூன்று ஞாயிறு போனேன். ஐயா வீட்டுத் தாழ்வாரத்தில், கம்பி இல்லாத வீணை ஒன்று தலைகீழாகத் தொங்குகிற இடத்துக்குக் கீழே பாய் போட்டு வேலை. கட்டில் காலை ரம்பத்தில் அறுத்ததும் மேலே இருந்த கறுப்பு வார்னிஷுக்கு உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் ரேகை ஓடியது. இழைப்புளி போட்டபோது வந்த சுருள் ரோஜாவும் புளியும் சேர்ந்த மாதிரி வாசனை. ஐயா ரேகை நீளவாக்கில் ஓடுகிற மாதிரித் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் கோடு போட்டார். குறுக்கே ஓடினால் இழுப்பு தாங்காமல் பிளக்கும் என்றார்.

தலைப் பக்கம் 13 மில்லிமீட்டர் தடிமன், வால் பக்கம் 8. கம்பித் துளைகளைப் பட்டையின் மேல்விளிம்புக்குப் பக்கத்தில் போட்டோம், அதனால் கம்பி முன்னைவிட உயரத்தில் கிளம்புகிறது. லேத் அண்ணன் அனுப்பின கீல் அச்சில் வார்த்த மாதிரி மூன்று துளையிலும் உட்கார்ந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார், மாம்பழப் பருவத்தில் ஒரு கூடை கொண்டு போய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். பழைய டிரபீஸ் 112 கிராம், புதியது கீலோடு 96 கிராம், மாரண்டஅள்ளி நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தது.

முதல் தடவை கம்பி ஏற்றும்போது கிட்டார் மேல் போர்வை போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, எல்லாக் கம்பியையும் கால் கால் சுற்றாகத்தான் ஏற்றினோம். பாதி சுருதியில் ஒரு இரவு விட்டுவைத்தோம். காலையில் பட்டை, போல்ட், மரம் எதுவும் அசையவில்லை. பிறகு முழுச் சுருதி. பிரிட்ஜைப் பன்னிரண்டாம் மெட்டில் சரி பார்த்து நிறுத்தியதும் பின்துண்டு 105, 106. மடிப்பு 10 டிகிரி.

இப்போது நாதம். "ஙீ" செத்துப் போகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காதைப் பிரிட்ஜுக்குப் பின்னால் வைத்தால் பின்துண்டு இன்னும் பேசுகிறது. ஆனால் டி மேஜரை அடித்து அமுக்கினால் அது தனியாகத் தொங்குவதில்லை. கம்பி அடங்கும்போது சேர்ந்து அடங்குகிறது. துணிப் பட்டை போட்டபோது போயிருந்த அந்தக் காற்று திரும்பி வந்திருக்கிறது. மைக் வைத்துப் பாடுகிற இடத்தில், முழு மௌனம் வேண்டிய பாட்டுக்கு மட்டும், ஒரு சின்னக் கம்பளித் துண்டை மூன்று மெலிந்த கம்பிக்கு இடையில் செருகிக்கொள்கிறேன். பத்து நொடி வேலை.

மடிப்பு குறைந்ததால் அடியில் இருந்த முரட்டுத்தனம் தணிந்தது. சத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அதுவும் உண்மை. பலமாக வாரி அடிக்கிற பாட்டில் முன்பு இருந்த வெட்டு இல்லை. மெதுவாக விரலால் மீட்டும்போது ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் தாமதமாக மலர்கிற மாதிரி வருகிறது. திண்ணையில் வாசிக்கிற எனக்கு இதுதான் வேண்டியிருந்தது. பேண்டில் வாரி அடிப்பவர்கள் 14 டிகிரியை விட வேண்டாம்.

ஆம்பில் முதலில் இரைச்சல் வந்தது. செப்புக் கம்பியின் ஒரு பக்கப் பற்றவைப்பு சரியாகப் பிடிக்கவில்லை. இன்னொரு தடவை சுத்தம் பண்ணிப் பற்றவைத்ததும் நின்றது.

#18 · ஊத்தங்கரை_ராகம்

மனசு நிறைந்தது தம்பி. மரம் எவ்வளவு சதவீதம் காரணம் என்று நினைக்கிறீர்கள்?

#19 · ஆறுகம்பி

சதவீதம் போட எனக்குத் தைரியம் இல்லை அண்ணா. பிரிட்ஜ் காலை உட்கார வைத்ததுதான் பெரியது. அடுத்தது மடிப்பு, அதற்கு அடுத்தது 105. அதே நீளத்தில் அதே உயரத்தில் இரும்பில் செய்திருந்தாலும் எனக்கு அனேகமாக இதே நாதம்தான் கிடைத்திருக்கும். ஆனால் கடையில் அந்த நீளம் கிடைக்காது. ஐயா வீட்டில் மரம் இருந்தது, அறுக்க முடிந்தது, தேய்க்க முடிந்தது. மரத்தால் எனக்குக் கிடைத்த உதவி அதுதான்.

#20 · குதிரையும்_நாகபாசமும்

சரியான பதில். இன்னும் ஒரு மழைக்காலம் போகட்டும், பிரிட்ஜ் காலை மறுபடி கார்பன் வைத்துப் பாருங்கள். பலகை கொஞ்சம் அசைந்திருக்கும்.

#21 · பென்னாகரம்_பேஸ்

அண்ணா, அந்தப் பழைய டிரபீஸ் உங்களுக்கு வேண்டாம்னா எனக்குத் தரீங்களா? என் கிட்டாரில் இருக்கிறது வால் பக்கம் விரிசல் விட்டிருக்கு, அடுத்த கம்பி மாத்தும்போது உடைஞ்சுடும் போல.

#22 · ஆறுகம்பி

தாராளமாக எடுத்துக்கோ தம்பி. துருவைத் தேய்த்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு வாரம் மட்டும் பொறு. பிரிட்ஜ் கால் சரியான பிறகு டிரபீஸோடு நான் நிதானமாக வாசித்துப் பார்க்கவே இல்லை. ஒரு சாயங்காலம் அதைத் திரும்ப மாட்டி, தங்கையை அடுத்த அறையில் உட்கார வைத்துக் கேட்டுவிட்டு, சனிக்கிழமை பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் கொண்டு வந்து தருகிறேன்.